ஜெபமும் சாட்சியும்

கிறிஸ்தவ சபையின் நெடிய வாழ்வில் ஒவ்வொரு தலைமுறையும் தன் மனச்சாட்சிக்கு முன்பாகப் புதிதாக விடை கூற வேண்டியிருக்கும் கேள்விகளுள், பிறருக்காகத் தேவனிடத்தில் செய்யும் ஜெபத்துக்கும், அப்பிறரிடத்திலேயே சென்று தன் விசுவாசத்தை எடுத்துரைக்கும் சாட்சிக்கும் உள்ள சம்பந்தம் யாது என்பது மிக முக்கியமானது. மனித இருதயத்தைத் திறப்பவர் தேவன் ஒருவரே என்று உறுதியாய் நம்புகிறவருக்கு ஜெபம் மட்டுமே போதும் என்று தோன்றக்கூடும். சொல்வார் இல்லாமல் எவரும் எதையும் அறியார் என்று கருதுகிறவருக்கோ, முழங்காலில் கழியும் நாழிகை ஊழியத்திலிருந்து குறைக்கப்பட்ட நாழிகையாகத் தோன்றக்கூடும். இவ்விரு மனப்பான்மைகளையும் நம் சபைகளில் நாம் நாள்தோறும் சந்திக்கிறோம்; இரண்டும் பக்தியிலிருந்து பிறந்தவையே; ஆயினும் இரண்டும் ஒரு பூரணமான உண்மையை இரு துண்டுகளாக வெட்டிவிடுகின்றன.

இந்தக் கேள்வியை முதலில் வேதத்தின் ஒளியிலும், அடுத்துச் சபையின் சரித்திரத்திலும், பின்பு இக்காலத்தில் எழும் ஆட்சேபங்களோடு சேர்த்தும் ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம். ஆராய்ந்ததன் முடிவு இதுவென்று முன்னதாகவே கூறிவிடலாம்: மெய்யான ஜெபம் ஜெபிக்கிறவரையே எழுப்பி அயலாரிடம் அனுப்புகிறது, அதே ஜெபம், அவர் அந்த அயலாருடைய சுதந்தரத்தை மீறாதபடி அவருடைய நாவையும் கையையும் கட்டுப்படுத்துகிறது. ஏவுதலும் அடக்குதலுமாகிய இவ்விரு கிரியைகளில் ஒன்று குறைந்தாலும் ஜெபம் தன் முழு வேலையைச் செய்யவில்லை என்றே கொள்ள வேண்டும்.

வேதம் காட்டும் ஒழுங்கு

மத்தேயு எழுதின சுவிசேஷத்தின் ஒன்பதாம் அதிகாரம், இயேசு திரளான ஜனங்களைக் கண்டு மனதுருகி, அறுப்புக்கு ஆட்கள் போதவில்லை என்றும், ஆட்களை அனுப்பும்படி அறுப்புக்கு எஜமானை வேண்டிக்கொள்ள வேண்டும் என்றும் சீஷருக்குக் கற்பிப்பதோடு முடிகிறது. அதிகாரப் பிரிவுகள் பிற்காலத்தில் ஏற்பட்டவையாதலால், அந்த இடத்தில் நிறுத்தாமல் தொடர்ந்து வாசிக்கிறவர் ஒரு வியப்பான ஒழுங்கைக் காண்பார். வேண்டிக்கொள்ளும்படி கட்டளை பெற்ற அதே பன்னிருவரே அடுத்த வசனங்களில் பெயர் பெயராய் அழைக்கப்பட்டு, அதிகாரம் கொடுக்கப்பட்டு, அனுப்பப்படுகிறார்கள். ஆட்களுக்காக மன்றாடத் தொடங்கியவர்களே அந்த மன்றாட்டின் முதல் உத்தரவாகிறார்கள். லூக்காவின் சுவிசேஷத்திலும், எழுபது பேரை அனுப்பும் வேளையிலேயே அவர்களுக்கு இந்த ஜெபம் கற்பிக்கப்படுகிறது.

பழைய ஏற்பாட்டிலும் இவ்வொழுங்கு புலப்படுகிறது. எருசலேமின் அலங்கம் இடிந்து கிடக்கும் செய்தியைச் சூசான் அரண்மனையில் கேட்ட நெகேமியா, அழுது உபவாசித்து மாதக்கணக்காய் மன்றாடினான். அந்த மன்றாட்டின் இறுதியில் அவன் கேட்டது, வேறொருவரை அனுப்பும்படியான வரத்தையன்று, தானே ராஜாவின் சமுகத்தில் பேசுவதற்கு வேண்டிய தயவையே. ராஜாவுக்கு முன்பாக நின்று விடை சொல்ல வேண்டிய கணத்திலும் அவன் உள்ளுக்குள் ஜெபித்துவிட்டே வாய் திறந்தான் என்று அந்தப் புஸ்தகம் கூறுகிறது.

அப்போஸ்தலருடைய நடபடிகளில் இது சபை முழுவதற்கும் உரிய முறையாக விரிகிறது. பயமுறுத்தப்பட்ட எருசலேம் சபை, துன்பம் நீங்க வேண்டும் என்று வேண்டாமல், தைரியமாய்ப் பேசும் வரத்தையே கேட்டது. அந்தியோகியாவில் ஆராதித்து உபவாசித்துக்கொண்டிருந்த ஊழியர் கூட்டத்திலிருந்தே பர்னபாவும் சவுலும் பிரித்தெடுக்கப்பட்டார்கள். அந்தச் சபை தன் தலைசிறந்த போதகர்களையே இழக்கச் சம்மதித்தது. இவை எல்லாவற்றினும் ஆழமானது பத்தாம் அதிகாரம். செசரியாவில் கொர்நேலியு என்னும் ரோம நூற்றுக்கு அதிபதி ஜெபிக்கிறான். மறுநாள் யோப்பாவில், மேல்வீட்டில், பேதுரு ஜெபிக்கிறான். ஒருவன் ஜெபம் ஆள் அனுப்பும்படி அவனை ஏவுகிறது. மற்றவன் ஜெபம், அவன் தலைமுறை தலைமுறையாய்ப் பேணிவந்த தீட்டெண்ணத்தைத் தகர்த்து, அந்நியன் வீட்டு வாசற்படியை மிதிக்கும்படி செய்கிறது. ஆகவே, சாட்சி சொல்லப் போகிறவனே முதலாவது மனந்திரும்ப வேண்டியவன் என்பதும், கேட்கப் போகிறவனிடத்தில் தேவன் ஏற்கெனவே பேசிக்கொண்டிருக்கிறார் என்பதும் இந்தச் சரித்திரத்தால் ஒருங்கே விளங்குகின்றன.

பவுல் சிறையிலிருந்து கொலோசெயருக்கு எழுதியபோது, தனக்காக ஜெபிக்கும்படி கேட்டுக்கொண்டதோடு நில்லாமல், புறம்பேயிருக்கிறவர்களிடத்தில் அவர்களும் ஞானமாய் நடந்து, இனிமையும் சாரமும் உள்ள பேச்சால் அவரவருக்கு ஏற்ற விடை கூற அறிந்திருக்க வேண்டும் என்று அதன் தொடர்ச்சியாகவே புத்தி சொல்கிறான். வேதம் ஜெபத்தையும் சாட்சியையும் இரு வேறு வரங்களாக இரு வேறு மனிதருக்குப் பங்கிட்டுக் கொடுத்ததாக எங்கும் காணோம்.

தரங்கம்பாடியும் எர்ன்கூத்தும்

சரித்திரத்தை நோக்குங்கால், கடந்த மூன்று நூற்றாண்டுகளில் சுவிசேஷம் புதிய நாடுகளுக்குச் சென்ற பெரும் பிரயாணங்கள் பலவற்றின் ஊற்றுக்கண்ணில் ஒரு சிறிய ஜெபக்கூட்டம் இருப்பதைக் காண்கிறோம். தமிழருக்கு மிக நெருங்கியது தரங்கம்பாடியின் வரலாறு. ஜெர்மனியில் பக்தி இயக்கத்தின் உறைவிடமாக விளங்கிய ஹாலே நகரத்தின் சூழலில் உருவான பார்த்தலோமேயு சீகன்பால்கும், அவருடைய தோழர் புளூட்சோவும், டென்மார்க் அரசர் நான்காம் பிரெடரிக்கின் ஆதரவில் 1706 ஜூலை 9-ஆம் நாள் தரங்கம்பாடி வந்து சேர்ந்தனர். பிராங்கே என்னும் பேராசிரியர் ஹாலேயில் வளர்த்த பக்தி, அநாதைப் பிள்ளைகளுக்கு விடுதியும் ஏழைகளுக்குப் பாடசாலையும் அமைத்த பக்தி. ஆதலால் அங்கிருந்து புறப்பட்டவர்கள் ஜெபத்தை வேலையிலிருந்து பிரித்தறியார். சீகன்பால்கு திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு அமர்ந்து மணலில் எழுத்துக் கற்றார். 1715-க்குள் புதிய ஏற்பாடு தமிழில் அச்சேறியது.

சீகன்பால்கும் தோழரும் எழுதி அனுப்பிய நிருபங்கள் ஹாலேயில் பிராங்கேயின் மேஜையைச் சுற்றி வாசிக்கப்பட்டன. அங்கே மாணவனாயிருந்த சின்சென்தோர்ப் என்னும் பிரபுவின் இளம் உள்ளத்தில் அவை ஆழப் பதிந்தன. 1722 முதல், மொராவியா நாட்டிலிருந்து மத நெருக்கடியால் ஓடிவந்த அகதிகள் சாக்சனியில் அவருடைய நிலத்தில் குடியேறி எர்ன்கூத் என்னும் ஊரை உண்டாக்கினர். ஆரம்பத்தில் பிணக்கும் பிரிவினையும் நிறைந்திருந்த அக்குடியிருப்பு, 1727 ஆகஸ்டு 13-ஆம் நாள் இராப்போஜன ஆராதனையில் ஒருமனப்பட்டது. அந்த மாதத்திலேயே இருபத்துநான்கு ஆண்களும் இருபத்துநான்கு பெண்களும் நாளின் ஒவ்வொரு மணி நேரத்தையும் தங்களுக்குள் பங்கிட்டுக்கொண்டு, இடைவிடாத ஜெபத்துக்கு உடன்படிக்கை செய்தனர். அந்த ஜெபச் சங்கிலி நூறு ஆண்டுகளுக்கு மேலாக அறுபடாமல் நீடித்தது.

அந்த ஜெபம் தொடங்கி ஐந்து ஆண்டுகள் ஆகுமுன் என்ன நிகழ்ந்தது என்பதே நாம் ஊன்றி நோக்கவேண்டியது. கோபன்ஹேகனில் சின்சென்தோர்ப் சந்தித்த ஆந்தோனி உல்ரிக் என்னும் ஆப்பிரிக்கர், மேற்கிந்தியத் தீவாகிய செயின்ட் தாமஸில் கரும்புத் தோட்டங்களில் உழலும் அடிமைகளின் நிலையை எடுத்துரைத்தார். 1732 ஆகஸ்டு 21-ஆம் நாள், குயவராகிய லியோனார்ட் தோபரும் தச்சராகிய தாவீது நிச்மனும் எர்ன்கூத்தை விட்டு அத்தீவுக்குப் புறப்பட்டனர். தேவையானால் அடிமைகளோடு தாமும் அடிமையாய் வாழச் சித்தம் என்று தோபர் அறிவித்தார். மறு ஆண்டில் வேறு சிலர் கிரீன்லாந்துக்குச் சென்றனர். 1760-இல் அச்சகோதரர் கூட்டத்தார் தரங்கம்பாடிக்கே வந்து, நகருக்கு வெளியே சகோதரர் தோட்டம் என்ற குடியிருப்பை அமைத்தனர். இவர்களெல்லாம் அரசரின் படையோ வர்த்தகரின் பணமோ பின்னால் இல்லாத கைத்தொழிலாளர். இரவும் பகலும் முறைவைத்துச் செய்த ஜெபமே அவர்களை நகர்த்தியது.

திங்கட்கிழமை மாலைகள்

இங்கிலாந்தின் வரலாறும் இவ்வாறே செல்கிறது. 1784-இல் நார்தாம்ப்டன்ஷயர் பகுதியின் பாப்டிஸ்டு சபைகள், ஒவ்வொரு மாதமும் முதல் திங்கட்கிழமை மாலையில் ஒரு மணி நேரம், சுவிசேஷம் உலகெங்கும் பரம்பும்படி ஜெபிப்பதென்று தீர்மானித்தன. எட்டு ஆண்டுகள் அவ்வாறு ஜெபித்தபின், 1792 அக்டோபர் 2-ஆம் நாள், கெட்டரிங்கில் ஒரு விதவையின் வீட்டில் கூடிய ஒரு சிறு குழுவினர், பதின்மூன்று பவுனுக்குச் சற்று அதிகமான தொகையை வாக்களித்து மிஷன் சங்கத்தை ஸ்தாபித்தனர். செருப்புத் தைக்கும் தொழிலிலிருந்து போதகரான வில்லியம் கேரி, 1793-இல் வங்காளம் வந்து சேர்ந்தார்.

கேரி 1792-இல் வெளியிட்ட சிறு நூலின் கடைசிப் பகுதி நம் ஆராய்ச்சிக்கு மிகவும் பயன்படுவது. ஒருமித்த ஜெபமே முதற்கடமை என்று ஒப்புக்கொண்டு, ஆனால் ஜெபிக்கிற காரியத்துக்கு வேண்டிய முயற்சியை மேற்கொள்ளாமல் ஜெபத்தோடு திருப்தியடைதல் தகாது என்று அவர் வாதிக்கிறார். சங்கம் அமைப்பது எப்படி, வாரம் ஒரு பென்னி காணிக்கை கொடுப்பது எப்படி என்றெல்லாம் யோசனை கூறுகிறார். அடிமைகளின் உழைப்பால் விளைந்த மேற்கிந்தியச் சர்க்கரையைப் பலர் அந்நாளில் விலக்கியிருந்தார்கள். அதனால் மிச்சமாகும் பணத்தைச் சுவிசேஷத்துக்குக் கொடுக்கலாம் என்றும் எழுதுகிறார். தேநீரில் போடும் சர்க்கரை வரைக்கும் இறங்கிவரும் ஜெபமே கேரி கருதிய ஜெபம். அப்படிப்பட்டவரும் வங்காளத்தில் முதல் ஞானஸ்நானத்தைக் காண ஏழு ஆண்டுகள் காத்திருந்தார். 1800 டிசம்பர் 28-ஆம் நாள் கிருஷ்ண பால் என்னும் தச்சர் சேரம்பூர் ஆற்றில் ஞானஸ்நானம் பெற்றார். விலகிப்போன அவருடைய தோள்மூட்டைச் சரிப்படுத்திய, கேரியின் தோழராகிய வைத்தியர் தாமசின் சிகிச்சையே அவர்களுடைய சம்பாஷணைக்கு வாயிலாயிற்று.

அமெரிக்காவில், 1806 ஆகஸ்டு மாதம், மாசசூசெட்ஸ் மாகாணத்தின் வில்லியம்ஸ் கல்லூரி மாணவர் ஐவர், திறந்த வெளியில் ஆசியாவைக் குறித்து ஜெபிக்கக் கூடிய வேளையில் இடியும் மழையும் வரவே, ஒரு வைக்கோற்போரின் மறைவில் ஒதுங்கி அந்த ஜெபத்தை முடித்தனர். அந்த மாணவர் ஜெபத்திலிருந்து கிளர்ந்த ஊக்கத்தால் 1810-இல் அமெரிக்க மிஷன் சங்கம் உருவாயிற்று. 1816-இல் அதன் ஊழியர் யாழ்ப்பாணம் வந்தனர். 1823-இல் வட்டுக்கோட்டைச் செமினரி தோன்றியது. 1834-இல் மதுரையில் மிஷன் தொடங்கிற்று. அச்சங்கத்தின் வைத்தியராக 1819-இல் புறப்பட்டு வந்த ஜான் ஸ்கடரின் பேத்தியே வேலூர் ஐடா ஸ்கடர். திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று வீட்டார், பிரசவ வேதனையிலிருந்த தம் மனைவியருக்குப் பெண் வைத்தியர் வேண்டும் என்று அவரை அழைத்து, அவர் வைத்தியம் அறியாதவராகையால் ஏமாந்து திரும்பினர். பொழுது விடிந்தபோது அப்பெண்கள் மூவருமே இறந்துபோயினர். உறக்கமின்றி ஜெபத்தில் போராடிய அந்த இரவு அவரை மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பிற்று. 1900-இல் வைத்தியராய்த் திரும்பிவந்த அவர் வேலூரில் ஸ்தாபித்தவற்றுள், பெண்களுக்கான 1918-ஆம் ஆண்டு மருத்துவப் பள்ளி பிற்காலத்தில் உலகறிந்த கல்லூரியாயிற்று.

நெல்லைச் சீமையின் விடை

மேனாட்டார் ஜெபித்தனர், வந்தனர் என்பதோடு சரித்திரம் நின்றிருந்தால், இந்தியச் சபை என்றும் பெறுவதாகவே இருந்திருக்கும். அவ்வாறு நிற்கவொட்டாமல் செய்தவருள் முதன்மையானவர் வெள்ளாளன்விளையில் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா. வாலிபர் சங்கத்தின் காரியதரிசியாக 1902-இல் யாழ்ப்பாணம் சென்ற அவர், அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவ இளைஞர் தாமே பணம் சேர்த்துத் தாமே சுவிசேஷ ஊழியத்தை ஆதரிப்பதைக் கண்டார். அவர்களிலும் எண்ணிக்கையில் மிக்க திருநெல்வேலிச் சபை அத்தகைய பொறுப்பை ஏற்காதிருப்பது அவர் உள்ளத்தை வருத்தி ஜெபத்தில் ஆழ்த்தியது. 1903 பிப்ரவரி 12-ஆம் நாள் பாளையங்கோட்டையில் திருநெல்வேலி இந்திய மிஷனெரி சங்கம் ஸ்தாபிக்கப்பட்டது. நிஜாமின் ராஜ்யத்திலிருந்த தோர்ணக்கல் பிரதேசத்தைத் தேர்ந்து, தமிழர் தெலுங்கு கற்று அங்கே சென்றனர். 1905 கிறிஸ்துமஸ் தினத்தில், கேரி உழைத்த சேரம்பூரிலேயே, பல சபைகளைச் சேர்ந்த இந்தியர் கூடித் தேசிய மிஷனெரி சங்கத்தை ஏற்படுத்தினர். அசரியா தாமே 1909-இல் தோர்ணக்கல் சென்று, 1912-இல் ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயரானார்.

சாட்சி பகர்தல் குருமாரின் உத்தியோகமன்று, ஞானஸ்நானம் பெற்ற ஒவ்வொருவருடைய கடமை என்பது அவருடைய அசையாத கொள்கை. கல்வியறிவில்லாத கிராமத்து ஏழைகள் ஞானஸ்நானம் பெறும் வேளையிலேயே, சுவிசேஷத்தை அறிவிக்காவிடில் தமக்குக் கேடு என்னும் அப்போஸ்தலனுடைய கருத்தை, கையைத் தலைமேல் வைத்து உறுதிமொழியாகக் கூறும்படி அவர் செய்தார்.

இதே நெல்லைச் சீமையில் கைப்பிடி அரிசி என்னும் வழக்கமும் வேரூன்றியது. நாள்தோறும் உலை வைக்குமுன் அரிசியில் ஒரு பிடியைத் தனியே எடுத்துவைத்து, சேர்ந்ததை ஊழியத்துக்குக் கொடுத்துவிடும் பெண்கள், அரிசியை எடுக்கும் அக்கணத்திலேயே ஊழியக்களத்துக்காக ஜெபிக்கவும் கற்றுக்கொண்டனர். சாப்பாட்டுக்கே திண்டாடிய குடும்பங்களிலும் இவ்வழக்கம் நிலைத்திருந்தது. ஜெபமும் ஈகையும் ஒரே கையசைவில் ஒன்றுபடும் இத்தகைய அனுஷ்டானத்தைக் கண்டவர்கள், இரண்டில் எது பெரிது என்று வாதிக்கமாட்டார்கள். பிற்காலத்தில் தமிழ்நாட்டு வாலிபர்களின் ஜெபக் கூட்டங்களாகத் தொடங்கி, ஊழியரை மலைநாடுகளுக்கும் வடஇந்தியாவுக்கும் அனுப்பும் இயக்கமாக வளர்ந்தது நண்பர் சுவிசேஷ ஜெபக்குழு. அனுப்பும் சங்கமான பின்னரும் அது ஜெபக்குழு என்ற பெயரைக் கைவிடவில்லை.

கொரியாவின் உதாரணமும் ஒன்று கூறத்தக்கது. 1907-இல் பியோங்யாங்கில் பெரும் ஜெப எழுப்புதல் உண்டாயிற்று. அதே ஆண்டில் கொரியப் பிரஸ்பித்தேரியன் சபை தன் முதல் ஏழு குருமாரை அபிஷேகம் செய்தபோது, அந்த எழுவரில் ஒருவரைச் செஜுத் தீவுக்கு மிஷனெரியாக அனுப்பிவிட்டது. தனக்கே போதகர் போதாத நிலையில் சபை இதைச் செய்தது என்பதைக் கவனிக்க வேண்டும்.

இரண்டு ஆட்சேபங்கள்

இவ்வளவு சான்றுகள் இருந்தும், சாட்சியை ஜெபத்தின் அவசியமான தொடர்ச்சியாக ஏற்கத் தயங்குவோர் இரண்டு நியாயங்களைக் கூறுகின்றனர். முதலாவது, இரட்சிப்பு தேவனுடைய செயலாதலால் மனிதன் அதில் தலையிடுதல் துணிகரம் என்பது. தேவனே செய்கிறார் என்பது முற்றிலும் உண்மை. ஆனால் அவர் மனிதரைக் கொண்டு செய்யச் சித்தங்கொண்டிருக்கிறார் என்பதும் அதே வேதத்தின் போதனை. மானாவாரி நிலத்தில் பயிரிடும் குடியானவன் வானத்தை நோக்கி மழைக்காக மன்றாடுகிறான். அவ்வாறு மன்றாடுகிறவனே கோடை உழவையும் செய்து நிலத்தைப் பண்படுத்தி வைக்கிறான். உழவு மழையைக் கொண்டுவராது என்பதை அவன் நன்கறிவான். உழாத நிலத்தில் மழை பெய்து பயனில்லை என்பதையும் அவ்வளவே நன்கறிவான்.

இரண்டாவது நியாயம் இன்னும் கண்ணியமானது. வாழ்க்கையே சாட்சி, வாயினால் கூறுவது மிகை என்பர். நடத்தை பொய்யாயிருக்கும்போது சொல் வெறும் சத்தமே என்பதில் ஐயமில்லை. பசியால் வாடுகிறவனை ஆசீர்வதித்து வெறுங்கையாய் அனுப்பிவிடும் பக்தியை யாக்கோபின் நிருபம் கடிந்துகொள்கிறது. ஆயினும், நல்ல வாழ்க்கை அயலார் மனத்தில் ஒரு கேள்வியை எழுப்புகிறதே அன்றி, அதற்குத் தானே விடை கூறுவதில்லை. உனக்கு இந்தப் பொறுமை எங்கிருந்து வந்தது என்று கேட்கிறவருக்கு மௌனமாயிருப்பது, தன் நற்குணத்தைத் தனக்கே உரியதாக்கிக்கொள்வதற்கு ஒப்பாகும். நம்பிக்கைக்குக் காரணம் கேட்பவருக்குச் சாந்தத்தோடும் மரியாதையோடும் விடையளிக்க ஆயத்தமாயிருக்கும்படி பேதுருவின் நிருபம் கூறுவதும் இதனாலேயே.

பாளையங்கோட்டைக் குளோரிந்தாளின் வாழ்க்கை இதற்குச் சிறந்த திருஷ்டாந்தம். மராட்டிய பிராமண குலத்து விதவையாகிய அவர், ஞானஸ்நானம் கேட்டு முதலில் மறுக்கப்பட்டார். மறுப்பால் மனம் கசந்துவிடாமல், தாம் அறிந்ததைச் சுற்றியிருந்தோருக்குக் கூறிக்கொண்டே இருந்தார். 1778-இல் மிஷனெரி சுவார்ட்ஸ் ஐயர் அவருக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். 1780-இல் பாளையங்கோட்டைச் சபைப் பதிவில் நாற்பது பேர் இருந்தனர். 1785-இல் அவர் கட்டிய ஆலயம் பிரதிஷ்டையாயிற்று. பின்னாளில் லட்சக்கணக்கானோரைக் கொண்டதாய் வளர்ந்த திருநெல்வேலித் திருச்சபையின் தொடக்கத்தில், எந்தச் சங்கமும் அனுப்பாத ஒரு விதவையின் வாய்மொழி இருக்கிறது.

ஜெபம் இடும் கட்டுப்பாடு

இனி, சாட்சியின் மறுபக்கத்தை நேர்மையோடு நோக்கவேண்டும். விசுவாசத்தைப் பகிர்ந்துகொள்ளுதல் என்ற பெயரால் பிறர் மனத்தைப் புண்படுத்தியதும், பிறருடைய தேவதைகளை இகழ்ந்து பேசியதும், அதிகாரத்தின் நிழலில் நின்று போதித்ததும் சரித்திரத்தில் உண்டு. தாது வருஷப் பஞ்ச காலத்தில், 1876 முதல் 1878 வரை, நிவாரணம் பெற்றவர்களும் பெறாதவர்களுமாகத் தென்னாட்டில் ஆயிரக்கணக்கானோர் சபையில் சேர்ந்தபோது, அவர்களை ஏவியது பசியா பக்தியா என்ற கேள்வி மிஷனெரிமாருக்குள்ளேயே எழுந்தது. 1930-களில் காந்தியடிகள், கல்வியையும் வைத்தியத்தையும் மதமாற்றத்துக்குச் சாதனமாக்கலாகாது என்று ஹரிஜன் பத்திரிகையில் வன்மையாக எழுதினார். அவருடைய எல்லா முடிவுகளையும் ஏற்காதவரும், எளியவனின் தேவையைப் பயன்படுத்தி அவன் மனச்சாட்சியை விலைக்கு வாங்குதல் பாவம் என்னும் அந்த எச்சரிக்கையைத் தள்ளிவிடக்கூடாது.

இவ்விடத்தில்தான் ஜெபம் தன் இரண்டாவது வேலையைச் செய்கிறது. இருதயத்தைத் திருப்புவது தேவனுடைய வேலை என்று முழங்காலில் நின்று அறிக்கையிடுகிறவர், எழுந்து நின்றபின் அந்த வேலையைத் தம் கைக்கு எடுத்துக்கொள்ளமாட்டார். வற்புறுத்துகிறவரும் ஆசை காட்டுகிறவரும் பயமுறுத்துகிறவரும் தேவனை நம்பாதவர்களே. அவர் செய்யாமற்போவார் என்ற பயத்தினாலேயே மனித உபாயங்களை நாடுகிறார்கள். அயலாருக்காக உண்மையாய் ஜெபித்தவர், அந்த அயலாரின் பெயரையும் துக்கத்தையும் வீட்டு நிலைமையையும் தேவனுக்கு முன்பாக எடுத்துச் சொல்லிப் பழகியவராதலால், அவரை எண்ணிக்கையில் ஒன்றாகக் கருத இயலாதவராகிறார். ஜெபத்தால் வரும் பொறுமை, இல்லை என்ற விடையையும் அன்போடு ஏற்கக் கற்பிக்கிறது.

இந்தியாவின் சட்டமும் இந்த எல்லையை மதிக்கச் சொல்கிறது. அரசியல் சாசனத்தின் 25-ஆம் பிரிவு, மனச்சாட்சியின் சுதந்தரத்தையும், மதத்தைக் கைக்கொள்ளவும் அனுசரிக்கவும் பரப்பவும் உள்ள உரிமையையும், பொது ஒழுங்கு முதலியவற்றுக்கு உட்பட்டு, எல்லாருக்கும் வழங்குகிறது. பரப்பும் உரிமையில் பிறரை மதம் மாற்றும் உரிமை அடங்காது என்று உச்ச நீதிமன்றம் 1977-இல் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பைப் பற்றிச் சட்ட அறிஞரிடையே கருத்து வேற்றுமை உண்டு. ஆயினும், பிறர் இருதயத்தின்மேல் தனக்கு உரிமை இல்லை என்பதை ஜெபிக்கிற கிறிஸ்தவன் எந்த நீதிமன்றமும் கூறுமுன்னரே அறிந்திருக்க வேண்டியவன். எடுத்துரைக்கும் உரிமை அவனுடையது. ஏற்பதும் மறுப்பதும் கேட்கிறவருடைய சுதந்தரம். கனி கொடுப்பது தேவனுடைய சித்தம்.

செவிகொடுத்துக் கேட்கும் சாட்சிக்கு நம் நாட்டிலேயே நல்ல முன்மாதிரிகள் உள்ளன. சீகன்பால்கும் அவர் தோழரும் 1712 முதல் தமிழ் அறிஞருக்குக் கேள்விகள் எழுதியனுப்பி, அவர்கள் எழுதிய விடைகளை ஹாலேயில் வெளியிட்டனர். தென்னாட்டுத் தெய்வங்களைப் பற்றிச் சீகன்பால்கு விரிவாய் எழுதிய நூல், அவர் வாழ்நாளில் அச்சாகாமல், 1867-இலேயே சென்னையில் வெளிவந்தது. இருபதாம் நூற்றாண்டில் மிஷனெரி ஸ்டான்லி ஜோன்ஸ் வட்டமேஜைக் கூட்டங்களை நடத்தினார். பல மதத்தினரும் சமமாய் அமர்ந்து, வாதத்தை விலக்கி, தத்தம் ஆத்தும அநுபவத்தில் மெய்யாய்க் கண்டதை மட்டும் கூறும் அக்கூட்டங்களில், கிறிஸ்தவனும் தன் முறை வந்தபோது தான் அநுபவித்ததைத் தாழ்மையோடு கூறினான். 1921-இல் திருப்பத்தூரில் தோன்றிய கிறிஸ்துகுல ஆசிரமம், ஜெபமும் சேவையும் எளிய வாழ்வும் ஒன்றாய் இணைந்த மற்றொரு முறையை நம் மண்ணுக்குக் கொடுத்தது.

நம் சபைகள் செய்யவேண்டுவது

ஆராய்ச்சியின் பயன் அநுசரிப்பிலேயே உள்ளது. நம் சபைகளில் உபவாச ஜெபத்துக்கும் முழு இரவு ஜெபத்துக்கும் குறைவில்லை. அவை குறையவும் வேண்டாம். ஆனால் அந்த ஜெபங்களில் பெரும்பாலும் தேசங்களின் பெயரும் மாகாணங்களின் பெயரும் ஒலிக்கின்றன. அடுத்த வீட்டுக்காரரின் பெயர் ஒலிப்பதில்லை. வடஇந்தியாவுக்காகக் கண்ணீரோடு மன்றாடிவிட்டு விடியற்காலையில் வெளியே வருகிற திருப்பூர்ச் சபையார் கண்முன், பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் பிழைக்க வந்த தொழிலாளர் ஷிப்டு முடிந்து நடந்துபோகிறார்கள். அவர்களோடு பேச நாலு வார்த்தை இந்தியோ ஒடியாவோ கற்றவர் நம்மில் எத்தனை பேர்? கூலி பாக்கியென்றும் காய்ச்சலென்றும் அவர்கள் தவிக்கும்போது உடன் நின்று, பின்பு அவர்கள் கேட்டால் நம் விசுவாசத்தைக் கூறுவோமானால், எந்த ரயிலும் ஏறாமலே அந்த இரவு ஜெபத்தின் உத்தரவை நாம் காண்போம்.

ஆகையால் ஜெபிக்கும் ஒவ்வொருவரும் தம் விண்ணப்பத்தின் முடிவில் இன்னொரு விண்ணப்பத்தையும் சேர்த்துக்கொள்வது நலம்: இந்த மனிதருக்காக நான் கேட்டதில் என் கையால் ஆகவேண்டியது எது என்று தேவனிடம் கேட்பதே அது. சிலருக்கு அது ஒரு கடிதமாயிருக்கும். சிலருக்கு மருத்துவமனைக்குத் துணை போவதாயிருக்கும். சிலருக்குப் பழைய பகையை மறந்து படியேறிச் சென்று மன்னிப்புக் கேட்பதாயிருக்கும். சிலருக்கு, பல ஆண்டு நட்பில் ஒருமுறையும் வாய்திறந்து சொல்லாத கிறிஸ்துவின் நாமத்தை, கூச்சத்தை விட்டு, நண்பருக்கு எளிய தமிழில் சொல்வதாயிருக்கும். ஞாயிறு பள்ளி ஆசிரியரும் வேதாகம ஸ்திரீகளும் கிராமத்து உபதேசிமாரும் நெடுங்காலமாய் இவ்விதமே உழைத்தார்கள். அவர்களுடைய பெயர்கள் பெரும்பாலும் எந்தப் புத்தகத்திலும் இல்லை, சபைகளோ இருக்கின்றன.

வேதமும் சரித்திரமும் ஒருமிக்கக் கூறும் தீர்ப்பு தெளிவானது. சாட்சியாய் முதிராத ஜெபம் பாதி வழியில் நின்றுவிட்ட ஜெபம். ஜெபத்தில் பிறவாத சாட்சி, அயலாரை நேசிக்குமுன் வெல்ல நினைக்கும் பேச்சு. இரண்டையும் தேவன் இணைத்திருக்கிறார். அவற்றைப் பிரித்து நமக்கு எளிதானதை மட்டும் வைத்துக்கொள்ள நமக்கு உரிமை இல்லை. யாருக்காக இன்று ஜெபித்தோமோ அவரிடத்தில் இந்த வாரமே அன்போடும் அடக்கத்தோடும் செல்லக் கடவோம்.